பயந்த யாளியும் சலித்த குதிரையும்

தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கி, அதைப் பதினோரு வருடம் பிறருக்கும் போதித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது மாணவர்களை ஒரு மண்டபத் தூணுக்கு முன்னால் நிறுத்தி, முன்னங்கால்களைத் தூக்கி நின்ற ஒரு குதிரையைக் காட்டி, "இதுதான் யாளி" என்று அரை மணி நேரம் விளக்கியவன் நான். சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, இரண்டுக்கும் இல்லாத வீரம் என்று கையை வீசி வீசிப் பேசினேன். துதிக்கை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதோ ஒரு படையெடுப்பில் உடைந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். மதுரையில் எது காணாமல் போயிருந்தாலும் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அது குதிரை சார்."

சிரிப்பு. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. குரல் மேலும் சொன்னது: "சலிச்சுப்போன குதிரை. மேல உக்காந்திருக்கிறவரு எப்ப எறங்குவாருன்னு பாத்துக்கிட்டிருக்கு."

நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்தத் தூணை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குதிரை சலித்துத்தான் போயிருந்தது. அந்த முகத்தை நான் தினமும் ஐந்தாவது பீரியடில் பெஞ்சு பெஞ்சாகப் பார்க்கிறவன். எனக்குத் தெரியாமல் போகுமா?

அந்தக் குரலுக்கு உரியவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. அனுமதி கேட்டுக் கடிதம் போட்டபோது, 'என்னைப் பத்தின்னா பேரு வேண்டாம் சார். யாளியைப் பத்தின்னா எந்தத் தூணுன்னு கட்டாயம் போடுங்க' என்று பதில் வந்தது. இன்று அவர் வேறோர் ஊரில் பேராசிரியர். 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் எனக்குப் பழக்கமானது, தொண்ணூறுகளின் நடுவில், இரண்டு பஸ் மாறிப் பசுமலையில் இறங்கி, தோளில் ஜோல்னாப் பையும் கையில் ஒரு சட்டை அட்டையுமாக எங்கள் கல்லூரிக்கு நடந்து வந்த ஒல்லியான பெண்தான். அவள் என்றே இருக்கட்டும்.

சட்டை அட்டை என்றால், புதுச் சட்டையை மடிக்கும்போது விறைப்புக்காக உள்ளே வைப்பார்களே, அது. அவளுடைய ஆராய்ச்சிக் கருவி அதுதான். அதற்கு மேல் ஒரு நீள நோட்டும், சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கேமராவும். அந்த அட்டையில் பிளேடால் இரண்டு சன்னல் வெட்டியிருப்பாள். யாளியின் போட்டோ மேல் அதை வைத்தால் கண் மட்டும் தெரியும். கொஞ்சம் நகர்த்தினால் வாய் மட்டும் தெரியும். எதிரில் யார் சிக்கினாலும் சரி, பூக்காரம்மா, செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர், வெயிலுக்கு ஒதுங்கிய போலீஸ்காரர், நீட்டிவிடுவாள்.

"இது என்ன நெனக்குது? பாத்துட்டுச் சொல்லுங்க."

இந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் அவள் வாயில் எப்போதும் இருப்பவை. பாத்துட்டுச் சொல்லுங்க. அதட்டலாகச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் பை நீட்டுகிற மாதிரி, பொறுமையாக, கிடைக்கும் வரை நகர மாட்டேன் என்கிற மாதிரி. ஜனங்களும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். "திருவிழாவுல புள்ளையத் தொலைச்சவன் மாதிரி இருக்கும்மா" என்றார் போலீஸ்காரர். "சம்பந்தி வீட்டுச் சாப்பாடு சரியில்ல. சொல்லவும் முடியாம இருக்குற மொகம்" என்றார் பூக்காரம்மா. எல்லாவற்றையும் சிரிக்காமல் எழுதிக்கொள்வாள். யார், எந்தத் தூண், கண்ணா வாயா, எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

அவளுடைய அப்பா, சிற்பத் தூண்களுக்கு நடுவே கடைகள் இருந்த புதுமண்டபத்தில் தையல்காரர். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் மதுரைத் தமிழ், மிஷின் மேல் குனிந்துவிட்டால் எந்த மொழியும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்தக் கடைக்குத்தான் வருவாள். மற்றப் பிள்ளைகள் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்திருப்பார்கள். இவள் துணிக்கட்டின் மேல் படுத்துப் பார்த்தது ஒரு யாளியின் தாடையை.

"சின்னதுல அதுக்குப் பசிக்குதுன்னு நெனச்சேன் சார். பத்தாவது படிக்கையிலதான் பயந்திருக்குன்னு தெரிஞ்சது."

"யாளி எதைப் பாத்தும்மா பயப்படும்?"

"எதிர்த் தூண்ல இருக்கிற யாளியப் பாத்து."

நான் வழக்கம்போல் சிரித்தேன். அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை என்றாலும், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளோடு பேசுவதில் இது ஒரு சங்கடம். நாம் சொல்வதைக் காது கேட்டுக்கொண்டிருக்கும். கண் வேறு வேலையாக நம் இமை, மூக்கு, கன்னம் என்று போய்வந்துகொண்டிருக்கும். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது, "சார், தப்பா நெனக்காதீங்க. நீங்க பயந்தாதான் ஜோக் அடிக்கிறீங்க" என்றாள். அதற்கு நான் உடனே ஒரு ஜோக் அடித்தேன். பிறகு இரண்டு நாள் அவளைக் கண்டால் நூலகப் பக்கம் திரும்பிவிடுவேன்.

பிஎச்.டி.க்குத் தலைப்புப் பதிகிற நாள் வந்தது. 'கற்பனை விலங்குகளின் உணர்ச்சிகள்: மதுரை வட்டார யாளி உருவங்களை முன்வைத்து' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பழுப்பு உறையைத் தவிர வேறு எதற்கும் அஞ்சாதவர். தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார், கிட்டப் பிடித்துப் படித்தார்.

"ஏம்மா, உணர்ச்சின்னா உசுரு இருக்கணும். இது கல்லு. கல்லு போகட்டும், அப்படி ஒரு மிருகமே உலகத்துல கிடையாது. இல்லாத மிருகத்துக்கு என்னத்த உணர்ச்சி?"

"இல்லாததாலதாங்கய்யா. மாடு, குதிரைன்னா பாத்துச் செதுக்கிரலாம். யாளிய யாருமே பாத்ததில்ல. அப்ப அந்த மொகத்துல இருக்கிற பயம், கூச்சம், வருத்தம் அம்புட்டும் எங்கிருந்து வந்துச்சு? செதுக்கினவரு தன்கிட்ட இருந்துதானய்யா எடுத்திருக்கணும்?"

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"'யாளிச் சிற்பங்கள்: ஓர் ஆய்வு'ன்னு வச்சுக்கயேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அதுதாங்கய்யா எனக்கு வேண்டாம். யாராச்சும் கேக்கணும்."

அந்த வாரமே ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு 'யாளி' என்று பெயர் விழுந்தது. வைத்தவன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அதோடு நின்றிருக்கலாம். ஒரு வார இதழில் நான் அவ்வப்போது எழுதிவந்த சிரிப்புக் கட்டுரை வரிசையில் 'யாளிக்கு ஜலதோஷம்' என்று ஒன்றை எழுதினேன். ஒரு ஆராய்ச்சி மாணவி யாளியிடம் போய்ச் சுகம் விசாரிக்கிறாள். யாளி மாமியார் கொடுமையைச் சொல்லி மூக்கைச் சிந்துகிறது. மூக்கு நீளமாதலால் மண்டபமே நனைந்துபோகிறது. இந்தத் தரத்தில் ஒன்றரைப் பக்கம். வாசகர் கடிதம் நிறைய வந்தது. கே.கே. நகரில் எங்கள் தெருவில் இருந்த பல் டாக்டர் என்னை நிறுத்திக் கைகொடுத்தார்.

அவள் அந்த இதழோடு வந்தாள். அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"சார், ஒரு சந்தேகம். இந்த யாளி எந்தத் தூணுல இருக்கு?"

"எந்தத் தூணும் இல்லம்மா. சும்மா, கற்பனை."

"அப்ப நீங்க பாக்கல."

"இல்ல."

"சரி சார்" என்று போய்விட்டாள். நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டதாக ஞாபகம். அவள் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து வருடம் இப்படியே ஓடியது. வண்டியூர், அழகர்கோயில் பக்கம், மேலூர் தாண்டி என்று பஸ் கிடைக்கும் ஊருக்கெல்லாம் போனாள். கல் யாளி போதாதென்று மர யாளிகளையும் தேட ஆரம்பித்திருந்தாள். திருவிழாவில் சாமியைத் தூக்கி வைத்து வலம் வருவார்களே, அந்த யாளி வாகனங்கள். 'தூணைத் தாங்கிற யாளி வேற, சாமியச் சுமக்கிற யாளி வேற சார். சுமக்கிறதுக்கு ஒரு பெருமை உண்டு' என்பாள். கேட்டுக்கொள்வோம். பழைய எக்ஸ்டென்ஷன் முடிந்து புது எக்ஸ்டென்ஷனும் வாங்கியாகிவிட்டது; அதற்கு மேல் அவகாசம் கிடையாது, பதிவே ரத்தாகிவிடும் என்று பழுப்பு உறையில் கடிதம் வந்திருந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் துறைக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி, நல்ல வெயிலில் காய்ந்த முகம். முன்னால் நின்றவர் ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர்.

"இங்கிட்டு யாளியப் போட்டா புடிக்கிற புள்ளை ஒண்ணு இருக்காமே?"

துறைத்தலைவர் எழுந்தே விட்டார். "ஏன், என்ன பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல சார். எங்க யாளிய மாத்திப்புட்டாய்ங்க."

விஷயம் இதுதான். அவர்கள் ஊரில் பழைய யாளி வாகனம் ஒன்று உண்டு. பெயின்ட் உதிர்ந்துவிட்டதென்று, திருவிழாவுக்கு முன்னால் மதுரையிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கொட்டகையைக் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரையை விலக்கினால், உள்ளே நிற்பது வேறு யாளி. பழைய மரத்தை எவனுக்கோ தள்ளிவிட்டுப் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பெயின்டரைக் கொட்டகையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். முன்பு அவள் வந்து எடுத்த போட்டோ இருந்தால் அதைக் காட்டிப் போலீஸில் புகார் கொடுத்துவிடலாம்.

அவள் பையிலிருந்து நீள நோட்டை எடுத்தாள். "நான் வாரேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

துணைக்கு ஓர் ஆசிரியர் போகவேண்டும் என்றார் துறைத்தலைவர். நானே வலியச் சேர்ந்துகொண்டேன். அக்கறை என்று நினைக்கவேண்டாம். அடுத்த கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்ற ஆசை.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கே ஓர் அடி பின்னால் போகத் தோன்றியது. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது யாளி. பளபளவென்று எனாமல். இரண்டு கண்ணும் எலுமிச்சம்பழம் போலப் பிதுங்கி, வெள்ளை விழியில் சிவப்பு நரம்பு ஓடி, 'எவன்டா அவன்?' என்று கேட்டது. மூலையில் சாக்கின் மேல் பெயின்டர் உட்கார்ந்திருந்தார். சினிமாவுக்கும் தேர்தலுக்கும் கட்அவுட் வரைகிறவர்.

"அண்ணே, சத்தியமா இது அவுக மரம்தாண்ணே" என்றார் என்னைப் பார்த்து. "நான் பெயின்ட்டு மட்டும்தாண்ணே அடிச்சேன்."

"ஏலேய், எங்க யாளி இப்படியாடா பாக்கும்?" என்று ஓர் இளைஞன் பாய்ந்தான். "பொறந்ததுல இருந்து தோள் குடுத்துத் தூக்குறோம், எங்களுக்குத் தெரியாதா?"

கமிட்டித் தலைவர் அவனை ஒதுக்கினார். "இது எங்க யாளி இல்லத்தா. நீயே பாரு. அது பொறுமையா இருக்கும். இது வம்புக்கு நிக்குது."

அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டை அட்டை சிறியதாக இருந்ததால் இரண்டு பழைய காலண்டர் அட்டைகளை வாங்கி, யாளியின் கண்ணை மட்டும் மறைத்துப் பிடித்தாள்.

"இப்பப் பாத்துட்டுச் சொல்லுங்க."

முன்னால் நின்ற ஒரு பெண், "அட, வாயி நம்ம யாளி வாயில்ல?" என்றாள். இன்னொருத்தி, "கோண மூக்கும் அதேதான்" என்றாள். ஸ்டூலில் நின்றவள் அட்டையைக் கீழே இறக்கி, கண் மட்டும் தெரியும்படி வைத்தாள். "இது எவனோ!" என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்.

"அப்ப வாயி ஊருல இருக்கு, கண்ணு மட்டும் களவு போயிருச்சாக்கும்" என்றான் அந்த இளைஞன். இரண்டு பேர் சிரித்தார்கள். அங்கேயே சூடு பாதி இறங்கியது.

அவள் கமிட்டித் தலைவரை ஸ்டூலில் ஏறச் சொன்னாள். "கண்ணை மூடிக்கிட்டு, இந்த எடத்தைத் தடவிப் பாருங்கய்யா." அவர் தடவினார். விரல் அந்தச் சிவப்பு விழியின் நடுவில் ஒரு மேட்டில் தட்டி நின்றது. மறுபடி தடவினார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எமை. எமை இருக்குத்தா."

மரத்தில் இமை பாதி தாழ்ந்த மாதிரிதான் செதுக்கப்பட்டிருந்தது. பெயின்டர் அந்த இமையின் மேலேயே வெள்ளையடித்து, அதன் மேல் கருவிழி எழுதியிருந்தார். 

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள்.

"பழக்கம்த்தா. கண்ணு முழிச்சாத்தான் ரோட்டுல வாரவனுக்குத் தெரியும். கண்ணு செவக்கலேன்னா ரசிகர் மன்றத்துல ஒத்துக்கிட மாட்டாய்ங்க."

பிறகு நடந்ததை நான் ஒரு நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தேன். அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் முந்தி அதே கொட்டகையில் எழுதியது: இமை எந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது, கருவிழி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, எந்த வண்ணம் உதிர்ந்து எது மிச்சம். பக்கத்திலேயே அவள் குறிப்பு: 'சுமப்பதில் பெருமை. அதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கூச்சம்.' ஐந்து வருடமாக நாங்கள் டீ குடித்துக்கொண்டே சிரித்த நோட்டு அது. பெயின்டர் சுரண்டி எடுத்துவிட்டு வரைய ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம் எறக்குங்கண்ணே. அம்புட்டு வேண்டாம். இப்பத் தூங்குது, எழுப்புங்க." ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூரிகையின் நுனியைப் பார்த்தது. கடைசியாக ஒரு சின்னக் கோடு. பெயின்டர் கையை எடுத்தார்.

அந்த இளைஞன், பாய்ந்தானே அவன்தான், மெதுவாக, "வந்துருச்சு" என்றான்.

எனக்கு அடுத்த கட்டுரைக்கு விஷயம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் 'யாளி' என்று யாராவது சொன்னால் நான் அகராதியைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

ஆனால் கொட்டாம்பட்டியில் ஜெயித்தால் பட்டம் கிடைத்துவிடாது. ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர், சிற்பங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர், அறிக்கையில் நறுக்கென்று எழுதியிருந்தார்: 'கல்லின் முகத்தில் தன் மனத்தைப் படிப்பது கவிதையாகலாம், ஆய்வாகாது. வாய்மொழித் தேர்வில் இதற்கு நிறைவான விடை இல்லையெனில் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.' அவகாசமும் தீர்ந்திருந்தது. அந்தத் தேர்வு நடக்கும் ஒரு காலைப் பொழுதில் ஆறு வருட வேலை நிற்கவேண்டும், அல்லது விழவேண்டும்.

பிஎச்.டி.க்கு எங்கள் பக்கம் பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு வடை சாப்பிடலாம். வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி உரிமையோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். அதனால் கேள்விகளை மாணவரே முந்தின நாள் துண்டுச் சீட்டில் எழுதி நண்பர்களுக்குக் கொடுத்துவைப்பது வழக்கம். "எனக்கும் ஒரு சீட்டுக் குடும்மா, கேக்குறேன்" என்றேன். பிராயச்சித்தம் செய்யும் எண்ணம். "வேண்டாம் சார். தெரியாததைக் கேளுங்க, போதும்" என்றாள்.

அரங்கத்தில் பாதிக்குமேல் கொட்டாம்பட்டி உட்கார்ந்திருந்தது. வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெயின்டரும் வந்திருந்தார், அவர்களோடே. கடைசி பெஞ்சில் அவளுடைய அப்பா. கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்.

தேர்வாளர் கதர் ஜிப்பாவில் கம்பீரமாக இருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். அவளும் சொன்னாள். கோபப்பட்டாலும் பல் தெரியும், பயந்தாலும் பல் தெரியும். இமையையும் காதையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது என்றாள். எதிரெதிர்த் தூண்களின் முகங்களை ஜோடியாகவே படிக்கவேண்டும் என்றாள். அவர் அசையவில்லை.

"அம்மா, யாளி பயப்படுதுங்கிறீங்க. யார் சொன்னது? யாளி வந்து சொல்லிச்சா?"

முன்வரிசை சிரித்தது. அந்த உற்சாகத்தில் அவர் பையிலிருந்து, பத்திரிகையில் கத்தரித்த தாள் ஒன்றை எடுத்தார். "ஒரு ஹாஸ்ய எழுத்தாளருக்கே தெரிஞ்சிருக்கு, இதுல ஆய்வு இல்லைன்னு. கேளுங்க" என்று வாசிக்க ஆரம்பித்தார். 'யாளிக்கு ஜலதோஷம்.' என் எழுத்தை ஒரு பெரிய மனிதர் அரங்கத்தில் உரக்கப் படிக்கவேண்டும் என்று எனக்கு நீண்டநாள் ஆசை. படித்தார். நல்ல உச்சரிப்பு. மாமியார் வரி வந்தபோது இரண்டு பேராசிரியர்கள் மேஜையைத் தட்டினார்கள். மேடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, அதை எழுதினது நான்தான்."

"அட, வாங்க வாங்க! நீங்களே சொல்லுங்க."

"அதுல வர்ற யாளிய நான் பாக்கவே இல்லீங்கய்யா. பாக்காம எழுதினது. இவங்க பாத்துட்டு எழுதியிருக்காங்க."

பயந்தால் எனக்கு வாயில் ஒரு ஜோக் வந்து நிற்கும்; அன்று வரவில்லை. உட்கார்ந்தேன்.

அந்த இடைவெளியில் கமிட்டித் தலைவர் எழுந்தார். "யாரு சொன்னதுன்னு கேட்டீகளே அய்யா, நாங்க சொல்லுறோம். எங்க யாளி கண்ணை மாத்தி எழுதுனதுக்கு ஊரே டேசனுக்குக் கெளம்புச்சு. மொகத்துல ஒண்ணும் இல்லேன்னா எதுக்குக் கெளம்புறோம்?"

தேர்வாளர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க அதோட பழகினவங்க. பழக்கத்துல சொல்றீங்க. நான் புதுசாப் பாத்தாலும் எனக்கு அதே தெரியணுமே?"

"தெரியணுங்கய்யா" என்றாள் அவள். பெரிய போட்டோ ஒன்றை எடுத்தாள். அதன் மேல் சட்டை அட்டையை வைத்துக் கண் மட்டும் தெரியும்படி அவர் முன்னால் நீட்டினாள். "பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் நேர்மையானவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உண்மையாகவே பார்த்தார்.

"பயம்" என்றார். "எதையோ பாத்து ஒதுங்கப் பாக்குது. ஆமா, பயம்தான்."

"எழுதிக்கலாமாங்கய்யா?"

"எழுதிக்கோம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அட்டையை எடுத்தாள். கோரைப்பற்கள் வெளியே வந்தன. முதலில் துறைத்தலைவர் இருமினார். பிறகு தேர்வாளருக்கே தெரிந்தது. அவருடைய புத்தகத்தின் அட்டைப்படத்தில் இருப்பது அந்த யாளிதான். உள்ளே அதைப் பற்றி 'சினம் பொங்கும் யாளி' என்று தனி அத்தியாயம் உண்டு; நாங்கள் வகுப்பில் அதைத்தான் நடத்துவோம்.

அவள் புத்தகப் பேச்சையே எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

பெரியவர் அந்தப் போட்டோவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கையால் வாயை மறைத்துப் பார்த்தார், கையை எடுத்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், தோற்ற சிரிப்பு இல்லை, கண்டுபிடித்த சிரிப்பு. "நாப்பது வருஷமா நான் பல்லை மட்டும் பாத்திருக்கேன்ம்மா" என்றார். எழுந்து நின்று, "பட்டத்துக்கு மகிழ்ச்சியோட பரிந்துரைக்கிறேன். அடுத்த பதிப்புல அந்த அத்தியாயத்தை நீங்கதான் திருத்தித் தரணும்" என்றார்.

கொட்டாம்பட்டிப் பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் கருத்தரங்கக் கூடத்தில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் குலவையிட்டதில்லை. வேதியியல் துறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். துறைத்தலைவர் பழுப்பு உறையை எல்லாம் மறந்து கைதட்டினார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. மனசுக்குள்ளேயே ஓர் அட்டையை எடுத்து அவள் வாயை மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்தேன். தெரிந்தது. அதை இங்கே எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன்.

வடை வந்தது. இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு நேரே கடைசி பெஞ்சுக்குப் போனேன். எவரிடமாவது கொட்டியாகவேண்டும், அவளைப் பெற்றவரைவிட அதற்குப் பொருத்தமான ஆள் யார்?

"பாத்தீங்களாண்ணே? 'பயம்'னு சொல்லிட்டு அட்டைய எடுத்ததும் அந்தப் பெரியவர் மொகம் போன போக்கைப் பாத்தீங்களா?"

அவர் வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"மொகத்தை நான் எங்க சார் பாத்தேன்? ஜிப்பாவுல எடது தோள் அரை இஞ்ச் எறங்கிக் கெடக்கு. எவன் தச்சான்னு தெரியல. வந்து உக்காந்ததுல இருந்து எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு."